மறக்கச் சொல்லும் தேநீர்: ‘கோப்ளின்’ நாடகத்தின் சாவுக் கணக்கு

‘கோப்ளின்’ நாடகத்தில் இறந்துபோனவர்கள் முதலில் வந்து உட்காருவது ஒரு தேநீர் அறையில். சுவர் முழுக்க மரத் தட்டுகள், தட்டுகள் முழுக்கக் கோப்பைகள். மேசைக்கு அந்தப் பக்கம் கறுப்பு உடுப்போடு எமதூதன். பேரைச் சரிபார்ப்பான், தேநீர் ஊற்றிக் கொடுப்பான். குடித்தவர்களுக்கு வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் மறந்துபோகும். பிறகு எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு போகவேண்டியதுதான். பார்த்து முடித்தவர்களுக்கு வாளும் பனியும் கனடாவின் மேப்பிள் இலையும்தான் அதிகம் ஞாபகம் இருக்கும். ஆனால் பதினாறு பாகங்களையும் தாங்கி நிற்பது இந்தக் கோப்பை. யார் மறக்கிறார்கள், யார் மறக்க மறுக்கிறார்கள், யாருக்கு மறதி கிடைக்காமல் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். இந்த நாடகம் இத்தனை பேரை ஏன் அழவைத்தது என்று விளங்கிவிடும்.

அடிப்படை விபரங்களைச் சொல்லிவிடுகிறேன். தென்கொரியாவின் டீவிஎன் அலைவரிசையில் 2016 டிசம்பர் 2 தொடங்கி 2017 ஜனவரி 21 வரை வெள்ளி, சனி இரவுகளில் போனது. எழுதியவர் கிம் உன்சுக், இயக்கியவர் லீ உங்பொக். தலைப்பில் வருகிற கோப்ளின், அதாவது தொக்கேபி என்ற ஆவியான கிம் ஷின் ஆகக் கொங் யூ, எமதூதனாக லீ டொங்வூக், தொக்கேபியின் மணப்பெண் ஜி உன்தக் ஆகக் கிம் கோஉன், சன்னியாக யூ இன்னா. கொரியாவின் 2017 பெக்சாங் கலை விருதுகளில் தொலைக்காட்சிக்கான பெரும் பரிசு எழுத்தாளருக்கும், சிறந்த நடிகர் விருது கொங் யூவுக்கும் கிடைத்தன. ஒவ்வொரு பாகமும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். முழுவதும் பார்க்க இருபது மணித்தியாலம் வரை பிடிக்கும். ஃபோன் டேட்டாவில் பார்ப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டு வைக்கலாம்: ஸ்ட்ரீமிங்கில் சாதாரண தரத்துக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜீபி, எச்டி என்றால் 3 ஜீபி வரை. எச்டியில் பார்த்தால் 60 ஜீபியைத் தொடும். இரவு நேர டேட்டா தனியாகத் தருகிற பக்கேஜ் வைத்திருப்பவர்கள் இரவில் டவுன்லோட் செய்து வைத்துப் பகலில் பார்ப்பது நல்லது. சப்டைட்டிலோடு கொரிய மொழியிலேயே பாருங்கள். கொங் யூவின் குரலில் இருக்கிற களைப்பை எந்த டப்பிங்காலும் கொண்டுவர ஏலாது.

இதற்குக் கீழே முடிவு வரைக்கும் கதை வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள்.

முதல் பாகத்தின் கொர்யோ என்ற பழைய கொரிய அரசு காலத்துப் போர்க்காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்ப்பவர்கள் பத்தாம் பாகத்துக்குப் பிறகு கட்டாயம் தடுமாறுவார்கள். அந்தச் சில நிமிடங்களில் வருகிற நான்கு பேரையும் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். தளபதி கிம் ஷின். சனங்கள் அவனைத் தெய்வம் போலக் கொண்டாடுகிறார்கள். இளம் அரசன் வாங் யோ. தளபதியின் புகழைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். அரசி கிம் சுன், தளபதியின் தங்கை. அரசனின் காதில் நஞ்சு ஊற்றுகிற பாக் ஜூங்ஹொன். போரில் வென்று திரும்பிய தளபதி, கொல்லப்படுவான் என்று தெரிந்தும் அரசனை நோக்கி நடக்கிறான். நில்லாமல் போ என்று கண்ணாலேயே சொல்கிற தங்கையின் நெஞ்சில் அம்பு பாய்கிறது. கடைசியில் தளபதியின் சொந்த வாளே அவன் நெஞ்சில் இறங்குகிறது. அந்த வாளோடே அவன் சாகாத தொக்கேபி ஆகிறான். தொள்ளாயிரம் வருடங்களுக்குப் பிறகு அதே ஆட்கள் சியோல் நகரத்தில் சந்திக்கிறார்கள். பொரித்த கோழிக் கடை நடத்துகிற சன்னிதான் அந்த அரசி. பேரும் ஞாபகமும் இல்லாத எமதூதன்தான் அந்த அரசன். தங்கையைக் கொன்றவனோடு ஒரே வீட்டில், ஒரே மேசையில் கிம் ஷின் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் அது தெரியாது.

கொரிய நாட்டார் கதைகளில் தொக்கேபி என்பது பழைய பாவனைப் பொருட்களிலிருந்து உண்டாகும் ஒரு ஆவி. மனிதக் கை பழகிய, இரத்தம் பட்ட பழைய விளக்குமாறு தொக்கேபி ஆகிவிடும் என்பார்கள். கையில் மந்திரத் தடி இருக்கும், மல்யுத்தத்தில் பிரியம், பக்வீட் என்ற தானியத்தில் செய்த களி என்றால் உயிர். நாடகம் இந்த மூலப்பொருட்களை எடுத்து அழகாக மாற்றி வைத்திருக்கிறது. விளக்குமாற்றின் இடத்தில் ஆயிரம் பேரின் இரத்தம் குடித்த வாள். களியின் இடத்தில் பக்வீட் பூத்துக் கிடக்கிற வெள்ளை வயல். கிம் ஷின் விழுந்து கிடப்பது அந்த வயலில்தான். பிறகு உன்தக்குக்கு அவன் கொடுக்கிற பூங்கொத்தும் அதே பூ. கல்யாணம் செய்வதும் அந்த வயலில்தான். கொரியப் பார்வையாளர் ஒருவருக்குச் சின்ன வயதுக் கதையிலிருந்தே இந்தத் தொடர்பு தெரியும். நமக்குத் தெரியாததால் ‘அழகான வெள்ளைப் பூ’ என்று கடந்துபோய்விடுவோம்.

வாளின் விதியையும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காதல் முழுவதும் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. சாகாமல் இருப்பது கிம் ஷினுக்குக் கொடுக்கப்பட்ட பரிசும் தண்டனையும். நேசித்தவர்கள் எல்லோரும் கண் முன்னால் செத்துப்போவார்கள், அவன் எல்லோரையும் ஞாபகம் வைத்திருப்பான். தலைமுறை தலைமுறையாகத் தனக்கு ஊழியம் செய்த குடும்பத்தின் ஆட்களைக் கனடாவின் கியூபெக்கில் ஒரு மேட்டில் புதைத்து, கல் நட்டு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். தொக்கேபியின் மணப்பெண் வந்து நெஞ்சிலுள்ள வாளை இழுத்தால்தான் அவனுக்குச் சாவு. அந்த வாளைப் பார்க்கக் கூடியவள் உன்தக். ஆனால் முதலில் இழுக்கப் பார்க்கும்போது கைக்கு அது அகப்படாது. உண்மையான நேசம் வந்த பிறகுதான் வாள் அசையும். அதாவது, சாகவேண்டும் என்று விரும்பிய காலத்தில் அவனால் சாக முடியவில்லை. வாழவேண்டும் என்று ஆசை வந்த நேரத்தில்தான் சாவு கைக்கெட்டுகிறது. ஒன்பதாம் பாகத்தை அண்டி இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது: வாளை இழுக்காமல் விட்டால் உன்தக்கைத் தேடிச் சாவு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் முந்தியதை விட வலுவாக. ஒருவர் வாழ மற்றவர் போகவேண்டும். இந்த முடிச்சைப் பின்னணி இசையின் உதவியில்லாமலே வெறும் வசனத்தில் சொல்லிக் கேட்டாலும் வலிக்கும். நல்ல நாடக எழுத்து என்று நான் நம்புவது இதைத்தான்.

எமதூதனிடம் வருகிற அட்டையைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம். பேர், வயது, சாகிற நேரம், சாகிற காரணம். அவ்வளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன இடத்துக்குப் போய், சொன்ன நிமிடத்தில் நின்று, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துவர வேண்டும். இப்போது வீரகேசரியில் வருகிற ஒரு மரண அறிவித்தலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும். காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் மாமியாரும், பேரப்பிள்ளைகளின் பாசமிகு அம்மம்மாவும் என்று உறவு முழுவதும் வரிசையாக வரும். எமதூதனின் அட்டையில் இருக்கிற காரணம் பெரும்பாலும் நம் அறிவித்தலில் இருக்காது. நம் அறிவித்தலில் இருக்கிற உறவு ஒன்றுகூட அந்த அட்டையில் இருக்காது. கொரிய நாடகத்தின் எமதூதர்களுக்குச் சொந்தப் பேரும் இல்லை, உறவும் இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். சன்னி அவனிடம் பேர் கேட்கிற காட்சிகளில் அவன் முழிப்பதைப் பார்த்து எல்லோரும் சிரிப்போம். பேர் சொல்ல ஒன்றுமில்லாத ஒருவன், ஒரு பெண்ணுக்கு முன்னால் முதல்முறையாகத் தனக்கு ஒரு பேர் வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அந்தச் சிரிப்புக்குக் கீழே கிடப்பது அதுதான்.

தேநீருக்கு வருவோம். சாதாரண மனிதருக்கு அது கருணை. கடவுளின் அக்கறை என்றே எமதூதன் சொல்லிக் கொடுக்கிறான். கொலை செய்தவனுக்கு அந்தத் தேநீர் கிடைக்காது. செய்ததை மறக்காமல் வைத்திருப்பதுதான் அவனுடைய நரகம். அப்படியென்றால் கிம் ஷினின் 939 வருட ஞாபகம் எந்தப் பக்கம்? தண்டனைப் பக்கம். எமதூதனின் ஞாபகமின்மை? அதுவும் தண்டனைதான், ஏனென்றால் எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்றே தெரியாமல் அவன் வேலை செய்துகொண்டிருக்கிறான். அரசன் வாங் யோ கடைசியில் தனக்குக் கொண்டுவந்து கொடுக்கப்பட்ட கிண்ணத்தில் இருப்பது நஞ்சு என்று தெரிந்துகொண்டே குடித்தவன். அப்படிப்பட்டவனை உட்காரவைத்து மற்றவர்களுக்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் எழுத்தாளர். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் இது கண்ணில் படும். பட்ட பிறகு லீ டொங்வூக் கேத்தலைத் தூக்குகிற ஒவ்வொரு காட்சியும் வேறாகத் தெரியும்.

அந்த அறைக்கு வந்துபோகிறவர்களின் சின்னக் கதைகளில் நாடகத்தின் மிகச் சிறந்த எழுத்து இருக்கிறது. பாரிஸில் ஒரு கொரியச் சிறுவன், தத்தெடுத்த வீட்டில் அடி தாங்க முடியாமல் வெளியே வருகிறான். கிம் ஷின் அவனுக்கு ஒரு சான்ட்விச் கொடுத்து, 17ஆம் கேள்விக்கு விடை 2 இல்லை, 4 என்று சொல்லிவிட்டுப் போகிறான். பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் பையன் முதியவராகச் செத்து, தேநீர் அறைக்கு வரும்போது கிம் ஷின் எதிரில் நிற்கிறான். விடை சொல்லியும் ஏன் 2 என்றே எழுதினாய் என்று கேட்கிறான். எத்தனை முறை போட்டுப் பார்த்தும் தன்னால் அந்தக் கணக்கைச் செய்ய முடியவில்லை, அதனால் சொன்ன விடையை எழுதவில்லை என்கிறார் முதியவர். உதவி வாங்கிய எத்தனையோ பேர் மறுபடியும் அற்புதம் வேண்டும் என்று காத்திருக்க, இவர் தன் வாழ்க்கையைத் தானே நேராக்கிக்கொண்டார் என்று கிம் ஷின் சொல்லி வழியனுப்புகிறான். இரண்டு நிமிடமும் இல்லாத காட்சி. கண் தெரியாத ஒருவரை, முன்பே செத்துப்போன அவருடைய வழிகாட்டி நாய் காத்திருந்து அழைத்துப்போகும் காட்சியும் அப்படித்தான். இவற்றை நேரம் கடத்துகிற துணுக்குகள் என்று நினைத்து ஓட்டிவிடாதீர்கள்.

கொரிய வழக்கத்தில் இந்த எமதூதர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது தெரிந்தால் நாடகம் என்னத்தை மாற்றியது என்பதும் தெரியும். பழைய நம்பிக்கையில் தூதர்கள் பெரும்பாலும் மூன்று பேர். சாவீட்டு வாசலில் அவர்களுக்கென்று மூன்று கிண்ணம் சோறு, மூன்று சோடி வைக்கோல் செருப்பு, கொஞ்சம் காசு வைப்பார்கள். தூர வழி வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, செருப்பு மாற்றி, இறந்தவரைப் பத்திரமாகக் கூட்டிப்போகட்டும் என்று. இறந்தவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேரை மூன்று முறை கூப்பிடுகிற சடங்கும் இருந்தது. பௌத்த வழியில் ஏழு நாளுக்கு ஒரு விசாரணை என்று நாற்பத்தொன்பது நாள் போகும், 49ஆம் நாள் பெரிய சடங்கு. நாடகம் விசாரணையைத் தூக்கிவிட்டுத் தேநீரை வைத்தது. கறுப்புத் தொப்பியும் நீண்ட அங்கியும் போய்க் கோட்டும் இக்காலத் தொப்பியும் வந்தன. நமக்கு இது அந்நியமே இல்லை. சித்திரா பௌர்ணமிக்கு ஊர்க் கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை வாசித்து, சித்திரைக் கஞ்சி ஊற்றுகிற வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, கணக்குப் புத்தகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பது பழகிய சங்கதி. வித்தியாசம் என்னவென்றால் நம் கதையில் புண்ணியமும் பாவமும் எழுதப்படும். கோப்ளினின் எமதூதன் கணக்குக் கேட்பதைவிட அதிகம் செய்வது வழியனுப்புவது.

நாடகங்களில் திரும்பத் திரும்ப வருகிற கொரிய மரண வீட்டுக் காட்சிகளையும் ஒருமுறை விளங்கிக்கொண்டால் எல்லாத் தொடருக்கும் உதவும். பொதுவாக மூன்று நாள். வைத்தியசாலையோடு சேர்ந்த மண்டபத்தில் வைப்பார்கள். கறுப்பு நாடா கட்டிய படம், வெள்ளைச் செவ்வந்தி. வருகிறவர் படத்துக்கு முன்னால் இரண்டு முறை முழுதாக விழுந்து வணங்கி, பிறகு பாதி குனிவார். வீட்டாரோடு எதிரெதிராக ஒருமுறை வணங்குவார். கிறிஸ்தவர்கள் பலர் விழுந்து வணங்காமல் பூ வைத்து ஜெபிப்பார்கள். காசை வெள்ளை உறையில் வைத்துக் கொடுத்து, உறைப்பான மாட்டிறைச்சிச் சூப்போடு சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆண்கள் கையில் கட்டியிருக்கும் கோடு போட்ட பட்டி நெருங்கிய உறவுக்காரர் என்பதைக் காட்டும். மூன்றாம் நாள் பிரேதம் எடுப்பார்கள், இப்போது பெரும்பாலும் தகனம்தான். கொழும்பில் நம்மவர்களும் இந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறோம். ஃபிளாட்டில் பெட்டி ஏற்றி இறக்க வழியில்லாமல் பொரளை மலர்ச்சாலையில் அஞ்சலிக்கு வைத்து, கிரியை முடித்து, கனத்தை மயானத்தில் தகனம். ஆனால் நம்மிடம் அதோடு முடிவதில்லை. காடாற்று, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, அன்று கையில் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம், பிறகு வருடா வருடம் திவசம். கொரியாவிலும் வருடாந்த நாளில் ஜேசா என்று படையல் வைப்பார்கள். இறந்தவர் மறந்து போகட்டும், இருப்பவர்கள் மறக்கக் கூடாது. இரண்டு ஊரின் சடங்கும் இதில் ஒத்துப்போகிறது. அந்த ஒழுங்கை உன்தக் மீறுகிறாள் என்பதால்தான் முடிவு அவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

அதற்கு முன்னால், நாடகம் சறுக்குகிற இடங்கள். ஒன்பதாம் பாகம் தொடங்கிப் பன்னிரண்டு வரைக்கும் நீளுகிறது. முடிச்சு போட்டாகிவிட்டது, அவிழ்க்க நேரம் வரவில்லை, நடுவில் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். பாக் ஜூங்ஹொன் கறுத்த நாக்கோடு பேயாக வருவது, அதுவரை இருந்த நுணுக்கத்துக்குப் பொருந்தாத மலிவான பயமுறுத்தல். விளம்பரத்துக்காக நுழைக்கப்பட்ட சான்ட்விச் கடையும் கோழிக் கடையும் சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டு நிற்கின்றன. அவற்றை விடப் பெரிய குறை, தொடக்கத்தில் உன்தக் பள்ளிக்கூட மாணவி. நாடகத்தில் 19 என்பார்கள், அது பிறந்ததும் ஒன்று என்று எண்ணுகிற பழைய கொரியக் கணக்கு. நம் கணக்கில் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளை. கொரியா சட்டத்தில் அந்தக் கணக்கை 2023 ஜூனில் கைவிட்டது. கிம் ஷினை நடுத்தர வயது ஆணாகவே காட்டிவிட்டு, அந்தப் பிள்ளையோடு காதல் காட்சி வைப்பது சரியில்லை. எழுத்தாளர் நினைத்திருந்தால் அவளைக் கல்லூரி முடித்தவளாக வைத்திருக்கலாம், கதையில் ஒரு நூலும் அறுந்திருக்காது. வீட்டில் அந்த வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கிறவர்கள் இதை அவர்களோடு வாய்விட்டுக் கதைப்பது நல்லது.

இன்னொன்று இன்னும் கவனமாகச் சொல்லவேண்டியது. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்கள்தான் எமதூதர்கள் ஆகிறார்கள் என்று பிற்பகுதியில் தெரியவரும். மற்றவர்களின் சாவைப் பார்த்துப் பார்த்து வாழ்க்கையில் ஆசை வரட்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட வேலை அது என்று நாடகம் மென்மையாகத்தான் சொல்கிறது. ஆனாலும் அப்படி ஒருவரை இழந்த வீட்டில் ‘பாவம்’, ‘தண்டனை’ என்ற சொற்கள் வேறு மாதிரி விழும். அப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து பார்க்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மனம் தாங்காதவர்களுக்கு இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

பதின்மூன்றாம் பாகம். பாக் ஜூங்ஹொனை அழிக்க, உன்தக்கின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சு வாளைக் கிம் ஷினே இழுத்துவிடுகிறான். தீப்பற்றிச் சாம்பலாகிப் போகிறான். அவன் போனதும் அவனைப் பற்றிய ஞாபகம் எல்லோரிடமிருந்தும் அழியத் தொடங்குகிறது. உன்தக் அதை உணர்ந்து, மழையில் ஓடிப்போய் ஒரு கொப்பியை எடுத்து எழுதுகிறாள்: அவன் பேர் கிம் ஷின், ஞாபகம் வைத்துக்கொள், அவன் துக்கப்பட்டால் மழை பெய்யும், நீ அவனுடைய மணப்பெண். எழுத எழுத மறதி துரத்திக்கொண்டு வருகிறது. கடைசி வரிகளில் எழுத்து கோணலாகிறது. எழுதி முடித்த கணமே ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் அழுகிறாள். ஒன்பது வருடம் கழித்து வானொலித் தயாரிப்பாளராக அந்தக் கொப்பியைப் பார்க்கிறாள். தன் கையெழுத்து என்பது மட்டும் தெரிகிறது. கிம் கோஉன் இந்தக் காட்சியில் கத்தி அழாமல், பேனாவைக் கெட்டியாகப் பிடிப்பதிலேயே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார். முழு நாடகத்திலும் எனக்கு மிகவும் பெரியதாகத் தெரிவது இந்த நடிப்பு.

சன்னியின் பங்கு இங்கேதான் பெரிதாகிறது. மற்ற மனிதர்களுக்கு மறந்தபோது அவளுக்கு மறக்கவில்லை. தெரியாதவள் மாதிரி ஒன்பது வருடம் இருக்கிறாள். அண்ணனைக் கொன்றவனும் தன் சாவுக்குக் காரணமானவனும் தான் நேசிக்கிற அதே ஆள்தான் என்று தெரிந்துகொண்டே. கடைசியில், இந்தப் பிறவியில் உன்னைப் பார்க்கமாட்டேன் என்பதைத்தான் தண்டனையாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள். மன்னிப்பு வேறு, கணக்குத் தீர்ப்பது வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பாத்திரம். எமதூதனின் கடைசி அட்டையில் அவளுடைய பேர் வருகிறது, இருவரும் சேர்ந்தே போகிறார்கள். உன்தக் – கிம் ஷின் சோடியை விட இந்தச் சோடியின் கதை இறுக்கமாக எழுதப்பட்டது என்பது என் துணிபு.

உன்தக்கின் சாவைப் பற்றி இன்றைக்கும் சண்டை நடக்கிறது. கல்யாணம் முடிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியிருக்கிற நேரத்தில், சாரதி இல்லாமல் சரிவில் உருண்டு வருகிற லொறி. அவள் விலகினால் அது பாலர் பாடசாலைப் பிள்ளைகள் மேல் போகும். காரை விலக்காமல் நிற்கிறாள். வேண்டுமென்றே அழவைத்தார்கள், வாழவிட்டிருக்கலாம் என்பது பலருடைய கோபம். லொறி என்ற உபாயம் மலிவானது என்பதை ஏற்கிறேன். கொரிய நாடகங்களில் அந்த லொறி வராத வருடமே இல்லை. ஆனால் அந்தச் சாவைக் கதையிலிருந்து எடுத்துவிட முடியாது. அதுவரை நாடகத்தில் வந்த எல்லாச் சாவுகளுக்கும் முன்கூட்டியே அட்டை வந்தது. இதற்கு வரவில்லை. தனக்காக இல்லாமல் பிறருக்காக ஒருவர் எடுக்கிற அரை நொடி முடிவு விதிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். பிறக்கும்போதே சாவுப் பட்டியலில் இருந்த பிள்ளை, பட்டியலில் இல்லாத ஒரு சாவைத் தானே தேர்ந்தெடுக்கிறாள்.

அதற்குப் பிறகு தேநீர் அறை. தனக்குத் தெரிந்த எமதூதன் கோப்பையை நீட்டுகிறான். மாட்டேன் என்கிறாள். கொலைகாரனுக்குத் தண்டனையாகக் கொடுத்த அதே ஞாபகத்தை இவள் விரும்பிக் கேட்டு வாங்குகிறாள். கிம் ஷின் 939 வருடம் தனியாகச் சுமந்ததில் பாதியைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறாள், திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு. சாவித்திரி எமனோடு வாதாடிச் சத்தியவானை மீட்டாள் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். உன்தக் வாதாடவே இல்லை. சாவையும் ஏற்கிறாள், விதியையும் ஏற்கிறாள், கோப்பையை மட்டும் ஏற்கவில்லை. அவள் சாகாமல் இருந்திருந்தால் இந்த மறுப்புக்கு இடமே வந்திருக்காது. பிறகு மறுபிறவியில் பள்ளிச் சீருடையோடு கியூபெக் மேட்டில் வந்து நிற்கிறாளே, அது முடிவை இனிப்பாக்க ஒட்டிய துண்டு என்று சொல்பவர்கள் அந்தக் கோப்பையைக் கவனிக்காதவர்கள். குடித்திருந்தால் அவளுக்கு அந்த மேடு தெரிந்திருக்காது. சீருடையைத் திரும்பவும் போட்டுவிட்டதுதான் எனக்குப் பிடிக்காதது. வயதுப் பிரச்சினையைக் கடைசிக் காட்சியிலும் விடாமல் இழுத்து வந்திருக்கிறார்கள்.

பார்க்கிற முறை பற்றி ஒரு யோசனை. ஒளிபரப்பான காலத்தில் பதின்மூன்றாம் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை போனது. அடுத்த நாள் புதிய பாகம் வரவில்லை, சிறப்புத் தொகுப்பு ஒன்றுதான் வந்தது. பதினான்கு அடுத்த வாரம்தான். அந்த இடைவெளி நாடகத்துக்கு நல்லதையே செய்தது. கிம் ஷின் இல்லாமல் போன ஒன்பது வருடத்தை உணர ஒரு வாரமாவது வேண்டும். இப்போது ஒரே இரவில் பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை பார்த்து முடிக்கிறவர்களுக்கு, அவன் போனதும் வந்ததும் ஒரே மூச்சில் நடந்துவிடுவதால் கொப்பிக் காட்சியின் கனம் குறைந்துபோகிறது. பதின்மூன்றோடு நிறுத்தி, ஐந்தாறு நாள் வேறு ஒன்றும் பார்க்காமல் விட்டுவிட்டு, பதினான்கைத் தொடங்குங்கள். கடைசி இரண்டு பாகங்களும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போனவை, அவற்றைச் சேர்த்தே பார்க்கலாம். இரண்டரை மணித்தியாலமாவது ஒதுக்கி வையுங்கள், அடுத்த நாள் விடிய வேலைக்குப் போகவேண்டிய இரவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.